கடற்கரைப் பாணியிலே ஒரு கழுவுமேசை

குளிப்பறையிலே முகங்கழுவுந் தொட்டியைத் தாங்கி நிற்கும் அலுமாரியை ஆங்கிலத்தில் 'வனிற்றி' என வழங்குவர். வீண்பெருமை என்பதும் அச்சொல்லுக்கு ஒரு பொருளாகும். கண்ணாடியின்முன் அமர்ந்து ஒப்பனை செய்வதற்கென அமைந்த மேசைக்கு உரியதாயிருந்த இப்பெயர், காலப்போக்கிலே குளிப்பறையினுட் புகுந்தது. குழாய்நீர் வீட்டினுள் வருமுன்னர் மேலைநாட்டார் படுக்கையறையிலே ஒரு மரத்தாங்கியின்மீது பீங்கான் வட்டிலையும் நீர்ச்சாடியையும் வைத்து முகங்கழுவி வந்தனர். அத்தாங்கியின் தொழிலும் ஒப்பனை மேசையின் பெயரும் ஒன்றுகூடியதன் பயனே இன்றைய 'வனிற்றி'. பெயரிலுள்ள வீண்பெருமையை நீக்கித் தொழிலை மட்டுங் கொண்டு, இக்கட்டுரையில் இதனைக் கழுவுமேசை என்றே வழங்குவோம்.

நமது பழைய வீடுகளில் இத்தகைய பொருளொன்று இருந்ததில்லை. கிணற்றடியே முகங்கழுவும் இடம். துலாவும் பட்டையும் செம்புமே அதற்குரிய தளபாடங்கள். இன்றோ பருத்தித்துறை முதற் காரைநகர் ஈறாகக் கரையோர ஊர்களிலே புதிய வீடுகள் பல எழுகின்றன. குளிப்பறையும் வீட்டினுள்ளேயே அமைகின்றது. வெளிநாடுகளிலுள்ள பிள்ளைகள் கைப்பேசி வழியாகப் படங்களை அனுப்பி, இதுபோலச் செய்விக்குமாறு கேட்கின்றனர். அப்படங்களுள் அடிக்கடி காணப்படுவது 'கடற்கரைப் பாணி' எனப்படும் கழுவுமேசை. வெண்மையோ வெளிறிய நீலமோ பூசிய மரம். நெடுக்காகத் தவாளிப்பு இட்ட பலகைகள். சாய்ந்த சட்டங்கள் அடுக்கிய கதவுகள். மேலே கயிறு சுற்றிய வட்டக் கண்ணாடி. சிப்பி வடிவிலே கைபிடி. பார்ப்பதற்கு அழகானதே. கடலருகே வாழ்பவர் கடற்கரைப் பாணியை விரும்புவதிற் பொருத்தமும் உண்டு. ஆயினும், எந்தக் கடற்கரை, யாருடைய பாணி என்னும் வினாக்களுக்கு விடைகண்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தல் நன்று.

இப்பாணி பெரிதும் ஐக்கிய அமெரிக்காவின் வடகீழ்க் கரையிலிருந்து வந்ததாகும். அங்கே மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், கேப் கொட் என்னும் நிலமுனையிலுள்ள சிறு வீடுகளின் சுவர்களில், சீடர் மரத் துண்டுப் பலகைகளை ஓடு வேய்வதுபோல அடுக்கி அறைவர். வர்ணம் பூசப்படாத அப்பலகைகள் வெயிலிலும் உப்புக்காற்றிலுங் கிடந்து, நாளடைவில் வெள்ளிபோன்ற சாம்பல் நிறத்தை அடைகின்றன. இன்று தொழிற்சாலையிலே புதுப் பலகைக்குப் பூசப்படும் சாம்பல் நிறம் அந்த முதுமையைப் பார்த்தெழுதிய படியேயாகும். சாய்சட்டக் கதவு காற்றோட்டத்தின் பொருட்டு வந்தது. வெண்ணிறம் சிறிய அறைக்கு ஒளியூட்டும் பொருட்டு வந்தது. அழகென்று இன்று விற்கப்படுவனவற்றுட் பல, ஒருகாலத்திலே தேவையாக இருந்தவை. தேவை எது, அதன் சாயல் எது எனப் பிரித்தறிய வல்லவனே நல்ல கழுவுமேசையைத் தெரிந்தெடுக்க வல்லவனாவான்.

இவ்வாறு பிரித்தறிதற்கு நம்மிடத்தே ஒரு பழைய அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் ஒவ்வொரு திணையையும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திலே தோன்றும் மரமும் புள்ளும் உணவும் தொழிலும் பிறவும் கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்தவை என்பதும், உரிப்பொருளே யாவற்றினுந் தலையாயது என்பதும் மாணாக்கர் அறிந்ததே. கடைக்காரர் நமக்குக் காட்டும் கடற்கரைப் பாணியிலே கருப்பொருளின் சாயல் மட்டுமே உண்டு. சிப்பி உண்டு, கயிறு உண்டு, நீலம் உண்டு. நிலமும் பொழுதும் இல்லை. அதன்முன் நின்று முகங்கழுவப் போகும் மனிதரும் இல்லை. இக்குறையை வாங்குபவரே நிரப்பிக்கொள்ளல் வேண்டும்.

நிலமும் பொழுதும்

முதற்கண் நிலத்தை நோக்குவோம். அலை உடையும்போது எழும் நுண்திவலைகளைக் காற்று ஏந்திக் கரைக்குக் கொண்டுவருகின்றது. நீர் உலர்ந்தபின் உப்பு எஞ்சுகின்றது. உப்போ காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும் இயல்புடையது. ஆகவே கடலருகேயுள்ள ஆணியும் பிணைச்சலும் பார்வைக்கு உலர்ந்திருந்தாலும், அவற்றின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமொன்று எப்போதும் இருந்துகொண்டேயிருக்கும். இரும்பு துருப்பிடிப்பதை விரைவுபடுத்த அதுவே போதுமானது. கரையிலிருந்து உள்நாடு நோக்கிச் செல்லச் செல்ல இத்தாக்கம் குறைகின்றது. எனவே ஒருவர் தமது வீடு கடலுக்கு எவ்வளவு அண்மையில் உள்ளதென்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்திற்கு மற்றொரு தன்மையும் உண்டு. அது சுண்ணாம்புக் கற்பாறையின்மீது அமைந்தது. மழைநீர் அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைவதால், நமது கிணற்றுநீர் வன்னீராகின்றது. குழாயின் வாயிலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாகப் படிவது அந்தக் கல்சியம் காபனேற்றேயாம். கருநிறத் தொட்டியும் கருங்குழாயும் விளம்பரப் படத்திலே கம்பீரமாகத் தோன்றலாம். வன்னீர் வழங்கும் வீட்டிலோ ஒரு கிழமைக்குள் அவை திருநீறு பூசியதுபோலாகிவிடும். வெண்மையும் மணல்நிறமும் இங்கே அழகுக்காக மட்டுமன்றி, இந்தக் காரணத்தாலும் ஏற்றவை. பளபளப்பாகத் தீட்டிய குழாயைவிட மெல்லிய கீற்றுகள் இட்ட மங்கல் மேற்பரப்புடைய குழாய் நீர்ப்பொட்டுகளை மறைக்கும்.

இனிப் பொழுது. சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களிலே மரம் தன் ஈரத்தை இழந்து ஒடுங்குகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாரியிலே ஈரத்தை உண்டு விரிகின்றது. இவ்வொடுக்கமும் விரிவும் மரத்தின் நீளத்திற் சிறிதளவே. அதன் அகலத்திலேயே பெரிதும் நிகழும். அகன்ற ஒரே பலகையாற் செய்த கதவு வளைவதற்கும் வெடிப்பதற்கும் இதுவே காரணம். நான்கு சட்டங்களைப் பொருத்தி, நடுப்பலகையைப் பசையால் ஒட்டாது தவாளிப்பினுள் அசையவிடும் கதவு இக்குறையினின்றும் தப்பும். இது நம் ஊர்த் தச்சர் தொன்றுதொட்டு அறிந்த நுட்பமே.

கருப்பொருள்

பொருள்களுள் மரத்தை முதலில் ஆராய்வோம். தேக்கு தன்னுள்ளே எண்ணெய்த்தன்மை உடையது. ஈரத்தாற் பெரிதும் அசையாது. ஆதலின் கப்பல் தளங்களுக்கும் அது பயன்பட்டு வந்தது. முதிரையும் பாலையும் நமது உலர்வலயக் காடுகளில் வளரும் வன்மரங்கள். காட்டுமரம் வாங்குமிடத்து அது முறையான அனுமதியுடன் வெட்டப்பட்டதா என்பதைக் கேட்டறிதல் கடமையாகும். வேம்பின் வைரத்தைக் கறையான் எளிதில் அணுகாது. பனையின் புறவைரம் கூரையின் பாரத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்தது. கழுவுமேசையின் கால்களுக்கும் கீழ்த்தட்டின் சட்டங்களுக்கும் அது ஏற்றது. பனையின் உட்பகுதி மென்மையானதாகையால் அதனை நீக்கிவிடல் வேண்டும்.

கடைகளில் விற்கும் கழுவுமேசைகளுட் பெரும்பாலானவை முழுமரத்தாற் செய்யப்பட்டவையல்ல. மரத்தூளையோ மரநாரையோ பசையுடன் சேர்த்து அமுக்கிய பலகையின்மேல் மெல்லிய உறையொன்றை ஒட்டியிருப்பர். உறை கிழியாதிருக்கும்வரை அது அரசகுமாரன் போலத் தோன்றும். ஒரு விளிம்பினூடாக நீர் உட்புகுந்துவிட்டாற் பலகை வீங்கும். வீங்கிய பலகை உலர்ந்த பின்னும் பழைய நிலைக்கு மீளாது. 'மரைன் பிளைவூட்' எனப்படும் கப்பற்பலகை இவ்வாறானதன்று. நீருக்கு நெகிழாத பசையால் மரத்தாள்களை ஒட்டி ஆக்கப்படுவது. அதற்கெனப் பிரித்தானியத் தரம் 1088 என்னும் வரையறையும் உண்டு. எனினும் கப்பற்பலகையின் வெட்டிய விளிம்புகளையும் மூடிப் பூசுதல் வேண்டும். வாங்குபவர் கதவைத் திறந்து, பிணைச்சல் பொருந்தும் குழியையும் குழாய்க்காக வெட்டிய துவாரத்தையும் உற்றுநோக்குவாராக. அடுக்கடுக்காகத் தெரியின் ஒட்டுப்பலகை. தூளாகத் தெரியின் அமுக்கிய பலகை. பலகையின் மெய்யான உடல் அவ்விடங்களில் மறைவின்றித் தெரியும்.

அடுத்தது உலோகம். கறையில் உருக்கு என்றவுடன் அது துருப்பிடிக்காது என நம்பிவிடுகின்றோம். அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பிலே கண்ணுக்குப் புலனாகாத காப்புப் படலமொன்றை உண்டாக்குகின்றது. உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைக்க வல்லது. 304 என்னும் வகை ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்டது. உள்நாட்டுக்கு அது போதும். 316 என்னும் வகையிலே இவற்றோடு 2 முதல் 3 வீதம் வரை மொலிப்டினமுஞ் சேர்ந்துள்ளது. கடலோரத்திற்கு உரியது அதுவே. காந்தத்தை வைத்து இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய இயலாது. கடைக்காரரிடம் இலக்கத்தைக் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதுவித்துக் கொள்ளல் நன்று. பித்தளை அழகுடையது; ஆயின் அதிலுள்ள துத்தநாகம் உப்புநீரிலே மெல்லக் கரைந்துபோக, எஞ்சிய உலோகம் வலுவிழக்கும். இக்குறை நேராதவாறு ஆக்கிய பித்தளை வகையும் உண்டு. கைபிடியைச் சிப்பி வடிவில் தேடுவதற்குச் செலவிடும் நேரத்திற் பாதியைப் பிணைச்சலும் ஆணியும் எதனாற் செய்யப்பட்டவை என ஆராய்வதற்குச் செலவிட்டாற் போதும், பயன் பன்மடங்காகும்.

மேற்பலகையாக இடப்படும் கல்லிலும் அவதானம் வேண்டும். சலவைக்கல் கல்சியம் காபனேற்றால் ஆனது; கிணற்றுநீரின் வெண்படிவும் கல்சியம் காபனேற்றே. அந்தப் படிவை அகற்றுவதற்கு நம்மவர் தேசிக்காயையோ வினாகிரியையோ கையிலெடுப்பர். படிவைக் கரைக்கும் அதே அமிலம் கல்லையும் அரித்து அதன் ஒளியைக் கெடுக்கும். நோயையும் நோயாளியையும் ஒருங்கே தீர்க்கும் மருந்து போன்றது இது. ஆகவே வன்னீர் உள்ள வீட்டிற்குச் சலவைக்கல் ஆகாது. கருங்கல்லோ பீங்கான் ஓடோ நன்கு தேய்த்த சீமெந்தோ மேலானது. கருங்கல்லாயின் அதன் நுண்துளைகளை அடைக்கும் பூச்சைக் காலத்துக்குக் காலம் இடுதல் வேண்டும். சீமெந்தாயின் அமிலத்தை அதன்மேல் விடலாகாது.

அலங்காரத்திற்கென முருகைக்கல்லைத் தேடுவோர்க்கு ஒரு சொல். முருகைக்கற் பாறைகள் அலையின் வேகத்தை அடக்கிக் கரையைக் காப்பவை. மீனினங்களுக்கு உறைவிடமாக விளங்குபவை. நமது நாட்டின் 1981 ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தமும் கரையோரத்தில் முருகைக்கல் அகழ்தலைத் தடுக்கின்றன. கடலின் பெயரால் வீட்டை அலங்கரிப்பதற்குக் கடலையே சிதைத்தல் முறையன்று.

உரிப்பொருள்

நிலத்தையும் பொருளையும் ஆராய்ந்த பின்னரும் தலையாயது ஒன்று எஞ்சியுள்ளது. இக்கழுவுமேசையின்முன் நிற்பவர் யார்? அவர் எவ்வாறு கழுவுவார்?

அமெரிக்கக் குளிப்பறையின் நிலம் உலர்ந்த நிலம். அங்கே நீர், கண்ணாடியால் அடைத்த மூலையிலோ நீண்ட தொட்டியிலோ மட்டும் விழும். ஆதலால் கழுவுமேசை அடிவரை மூடப்பட்டு நிலத்தோடு ஒட்டி நிற்கலாம். நமது குளிப்பறையிலோ வாளியிலே நீரை நிறைத்து அள்ளி வார்க்கின்றோம். நிலம் முழுவதும் நீரோடுகின்றது. பின்னர் ஈர்க்குமாற்றாற் கூட்டித் தள்ளுகின்றோம். நிலத்தோடு ஒட்டிய மரப்பெட்டி இத்தகைய இடத்திலே நீண்டநாள் வாழாது. கால்களின்மீது உயர்ந்து நிற்பதாகவோ சுவரிற் பொருத்தியதாகவோ அமைத்தல் வேண்டும். நிலத்திற்கும் அடிப்பலகைக்கும் இடையே 15 அல்லது 20 சென்ரிமீற்றர் வெளியிருப்பின் கூட்டுதலும் உலர்தலும் எளிதாகும். சுவரிற் பொருத்துவதாயின் சுவரையும் சோதித்தல் வேண்டும். உட்பொள்ளான சீமெந்துக் கல்லாற் கட்டிய சுவர் கருங்கல்லின் பாரத்தைத் தாங்காது. கட்டும்போதே அவ்விடத்திற் கம்பியிட்டுச் சீமெந்துப் பட்டியொன்றை வார்த்துவைத்தல் அறிவுடைமை.

வடமராட்சிக் கரையிலே எனக்கு அறிமுகமான குடும்பமொன்றில் நிகழ்ந்ததை இங்குக் கூறலாம். கடல்கடந்த நாட்டிலுள்ள மகன் தன் தாயின் வசதியை எண்ணிப் பெரும்பணம் அனுப்பி, படத்திற் கண்டவாறே வெண்ணிறக் கழுவுமேசையொன்றை அமைப்பித்தான். மேசையின் உயரம் 85 சென்ரிமீற்றர். அதன்மேல் வட்டிலைப் போன்ற கிண்ணத்தொட்டி மேலும் 15 சென்ரிமீற்றர் எழுந்து நின்றது. எண்பது வயதைக் கடந்து முதுகு வளைந்த அவ்வம்மையார் அதன் விளிம்பிற்குமேற் கையை உயர்த்தி முகங்கழுவ முற்படும்போதெல்லாம் நீர் முழங்கைவழியே வழிந்து சட்டையை நனைத்தது. "தம்பி, உது பார்க்க நல்ல வடிவுதான், பிள்ளை ஆசையாய்ச் செய்விச்சது. ஆனால் எனக்கு எட்டாது" என்று அவர் சொன்னார். மகனின் மனம் நோகும் என்பதற்காக அதனை அவனிடம் சொல்லாமலே, மாரிகாலத்தில் பாசி படிந்த கிணற்றடிக்கு ஒவ்வொரு விடியலிலும் போய்வந்தார். இரண்டாவது மாரியின் முடிவிலே மேசையின் அடிப்பலகையும் வீங்கி, கதவு மூடாமற் போயிற்று.

பின்னர் ஊர்த் தச்சர் ஒருவர் அதனை மாற்றியமைத்தார். வேப்பமரச் சட்டம், ஓடு பதித்த இரண்டு சீமெந்துக் கால்கள், மேற்பலகையின் மட்டத்திற்குக் கீழே அமிழ்ந்த வெண்பீங்கான் தொட்டி; மொத்த உயரம் 78 சென்ரிமீற்றர். பற்றிக்கொள்ள முன்புறத்திலே உருண்டையான கம்பியொன்று. கதவுகளிற் சாய்சட்டங்களையே வைத்தார். உள்ளே தேங்கும் ஈரம் வெளியேறுவதற்கு அவை வேண்டும் என்றார். கேப் கொட் முனையைக் கேள்வியுற்றிராத அவர், அங்குள்ள தச்சன் கண்ட அதே காரணத்தைத் தாமாகவே கண்டார். படத்தினின்றும் எடுத்துக்கொள்ளத்தக்கது எது, விடத்தக்கது எது என்பதை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

உயரத்தைப் பற்றிப் பொதுவாகக் கூறுமிடத்து, 80 முதல் 85 சென்ரிமீற்றர் வரை பலர்க்கும் பொருந்தும். ஆயினும் அட்டவணையைப் பார்ப்பதைவிட, வீட்டிலுள்ள முதியவரை நிற்கவைத்து அளப்பதே சிறந்தது. கிண்ணத்தொட்டியை விரும்புவோர் அதன் உயரத்தையும் கூட்டிக் கணக்கிடல் வேண்டும். சிறுவர்க்கு ஒரு படிக்கட்டை வைத்து உயரத்தைக் கூட்டலாம். முதியவர்க்கு மேசையின் உயரத்தைக் குறைக்கவே வேண்டும். முன்னே நிற்பதற்கு 75 சென்ரிமீற்றர் வெளியேனும் இருத்தல் நலம். மூலைகள் உருண்டையாக இருக்கட்டும். ஈரநிலத்தில் வழுக்குபவர் முதலில் மோதுவது கூர்மூலையிலேயே. தொட்டியின்கீழ் நீர்தங்கி நின்று துர்நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய் உண்டல்லவா? அது கையால் எட்டத்தக்கதாக இருத்தல் வேண்டும். அழகிய இழுப்பறையால் அதனை மறைத்துவிட்டு, அடைப்பு நேர்ந்த நாளிலே அலுமாரியை உடைப்பவர் உளர்.

மலைநாட்டிலோ கொழும்பு மாடிவீட்டிலோ வாழும் அன்பர், கடலில்லாத இடத்திலே கடற்கரைப் பாணி தகுமோ என வினவலாம். தகும். ஒரு திணைக்குரிய கருப்பொருள் பிறிதொரு திணையிற் சென்று மயங்குவதை இலக்கணம் ஏற்றுக்கொள்கின்றது. ஆகவே அற்றனிலே நீலமும் வெண்மையும் பூசுவதிற் குற்றமில்லை. அங்குள்ள மூடுபனிக்கு ஏற்ற மரமும் காற்றோட்டமும் அமைந்தாற் சரி. ஆனால் உரிப்பொருள் மயங்குவதற்கு அவ்விலக்கணம் இடமளிக்கவில்லை. நமக்கும் அவ்விதியே. நிறம் எங்கிருந்தும் வரலாம்; வீட்டவரின் உடலும் பழக்கமும் வேறொரு வீட்டிலிருந்து வருதல் இயலாது.

ஆகவே கழுவுமேசை வாங்கப் புறப்படுபவர் கடைக்காரர் காட்டும் முறையைத் தலைகீழாக்கிக் கொள்வாராக. முதலில் அதனைப் பயன்படுத்துபவரின் உயரமும் பழக்கமும். அதன்பின் காற்றும் நீரும். அதன்பின் மரமும் உலோகமும் கல்லும். நிறமும் சிப்பியும் இறுதியாக. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புமுன், படத்தை அனுப்புவதோடு நில்லாது, தாய் தந்தையரின் கைம்மட்டத்தையும் கேட்டறிதல் வேண்டும். பெற்றோரும் எட்டாததை எட்டாதென்று சொல்லத் தயங்கலாகாது.

நெய்தல் நிலத்திற்கு உரிப்பொருள் இரங்கல் என வகுத்தனர் ஆன்றோர். அவ்விரக்கம் பாட்டிலே நிலைபெறுவதாக. கரையோரத்து வீட்டிலே ஆராயாது வாங்கிய கழுவுமேசையின்முன் நின்று இரங்குவதற்கு எவருக்கும் காரணம் இல்லாதிருக்கட்டும்.